அன்று நான் குடிக்கவில்லை

கரோல் பாக், புது தில்லி
3 அக்டோபர் 2023

அன்புள்ள ஆராயி அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ என்று நினைத்துக் கிழித்துவிடாதே. நான்தான், மணி. கோடு போட்ட தாளில் எழுதியும் வரி இப்படித்தான் ஏறி இறங்குகிறது.

ஜூலையில் இரண்டு முறை உனக்கு போன் செய்தேன். முதல் முறை "அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாய். இரண்டாவது முறை அதைக்கூடக் கேட்கவில்லை, வைத்துவிட்டாய். உன்மேல் குறை சொல்லவில்லை. என் நாக்கு இப்போது அப்படித்தான் புரள்கிறது. அதனால்தான் தபால். தாளில் எழுதினால் குழறாது அல்லவா?

எனக்கு என்ன என்று கண்டுபிடித்துவிட்டார்கள் அக்கா. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம், வயருக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி. உடம்பில் நோயை எதிர்க்கவேண்டிய சக்தியே அந்த உறையை எதிரி என்று எண்ணி அரித்துவிடுகிறதாம். இரண்டு வருடம் முன்பு வலது கண் மங்கலாகி ஒரு மாதத்தில் தானாகச் சரியானதே, நினைவிருக்கிறதா? அதுவே இதன் ஆரம்பம் என்கிறார் டாக்டர். அப்புறம் பாதம் மரத்தது. அப்புறம் நடை.

சூடு ஏறினால் இது கூடுமாம். மே மாதம், வைஷ்ணவியின் கல்யாண மண்டபம், ஹோமப் புகை, என்மேல் பட்டு வேட்டி சட்டை. சீர்த்தட்டோடு மேடைப்படியில் காலை வைத்தேன், கால் அங்கே இல்லை. தேங்காய்கள் உருண்டன. மாப்பிள்ளை வீட்டார் "தாய்மாமன் காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று சிரித்தது என் காதிலும் விழுந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அதுவும் குழறியது. மாமா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் அறைந்தார். நீ "இனிமே என் வாசல மிதிக்காத" என்றாய்.

அன்று நான் ஒரு சொட்டும் தொடவில்லை அக்கா. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் தம்பி,
அருள்மணி


பெரம்பலூர்
14 அக்டோபர் 2023

மணிக்கு,

கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் படித்தேன், வீட்டில் மாமா இருப்பார்.

நம் அப்பா எத்தனை வியாதி சொன்னார் என்று உனக்கு மறந்திருக்கும், நீ சின்னவன். பித்தம் என்றார். ரத்த அழுத்தம் என்றார். கடைசியில் மஞ்சள் காமாலை என்றார், அது ஒன்றுதான் உண்மை. ஒவ்வொன்றையும் நம்பி அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவர் போன அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் தொடவே மாட்டேன்" என்று சொன்னாய். நான் கேட்டு வாங்கவில்லை, நீயாகச் சொன்னாய்.

வைஷ்ணவி பட்டது உனக்குத் தெரியுமா? வாய்க்கு வராத பேர் ஒன்றை எழுதியிருக்கிறாய். நான் முப்பது வருடமாக வகுப்பு நடத்துகிறவள். "வயித்து வலி டீச்சர்" என்று சொல்லும் எந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே வலி என்று முகம் பார்த்துச் சொல்வேன். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பு.

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பிடுகிறாயா?

ஆராயி


கரோல் பாக்
26 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

எம்.ஆர்.ஐ. படம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த பரிசோதனை, டாக்டரின் குறிப்பு மூன்றும் இதோடு இருக்கின்றன. படத்தில் மூளையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அரித்த இடங்கள்.

நீ நம்பவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. இந்த ஊரில் யார்தான் நம்புகிறார்கள்? போன வாரம் காலை எட்டரை மணி. மெட்ரோ வரை போக ஆட்டோவை நிறுத்தினேன். ஏறும்போது கம்பியைத் தவறவிட்டுச் சாய்ந்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "பையா, சுபஹ் சுபஹ் பீ லீ?" என்று கேட்டார். விடிந்ததும் விடியாததுமாகவே குடித்தாச்சா என்று. "பீமார் ஹூம்", உடம்பு சரியில்லை என்றேன். "அச்சா அச்சா, சப் யஹீ போல்தே ஹை" என்று சொல்லி இறக்கிவிட்டார். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்களாம்.

ஆகஸ்டில் அலுவலகத்தில் என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு வாயை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன் அக்கா. நாற்பது வயதில், பதினாறு வருட சர்வீஸுக்குப் பிறகு. அன்றைக்கு ஜ்யோத்ஸ்னா என்று எங்கள் பிரிவில் இருக்கிற பெண்தான் என்னைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பாலக்காட்டுக் குடும்பம், ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. "என் பெரியப்பாவும் இதே மாதிரி நடந்தார், பார்கின்சன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சது. ஜல்தி வாங்க" என்றாள். அவள் வராவிட்டால் இன்னும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி குடிப்பீர்களா என்பதுதான்.

சாப்பிடுகிறேன். ஸ்பூனால் சாப்பிடுகிறேன்.

மணி


பெரம்பலூர்
9 நவம்பர் 2023

என் மணிக்கு,

திருச்சிக்குப் போய் ஒரு நரம்பு டாக்டரிடம் உன் படத்தைக் காட்டினேன். இளஞ்செழியன் என்று பெயர், சின்ன வயசுதான். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவர குடிகாரர்னு நெறையப் பேர் சொல்லியிருப்பாங்களேம்மா?" என்று கேட்டார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா சார். மொதல்ல சொன்னது நாந்தான்" என்றேன்.

மண்டபத்தில் நீ விழுந்து கிடந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையில் ஏதோ கேட்டாய். அப்போது நான் மாப்பிள்ளை வீட்டாரின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் கடத்திவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "நோயாளியப் போய் கைநீட்டிட்டேனே" என்றார். வைஷ்ணவி மாமியார் வீட்டுக்கு நானே நேரில் போனேன். "என் தம்பிக்கு நரம்பு நோய். அவன் குடிக்கிறவன் இல்லை" என்று கூடத்தில் நின்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் காபி கொடுத்தார்கள்.

அரையாண்டு லீவில் வருகிறேன். டிசம்பர் 24 காலை அங்கே இருப்பேன். உனக்கு மோர்மிளகாய் கொண்டுவருகிறேன். வேறு என்ன வேண்டும், எழுது. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது.

அக்கா


பெரம்பலூர்
5 ஜனவரி 2024

மணி,

ஊர் வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. எட்டு நாள் உன்னோடு இருந்தேன். உனக்குத் தலைக்கு ஊற்றினேன், நகம் வெட்டினேன், காலில் எண்ணெய் தேய்த்தேன். மூன்று மாடி இறங்கி வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றோம். அத்தனை குளிரிலும் நீ நன்றாகத்தான் நடந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் பால்கனியைக் கழுவினேன். மழைக்கு நனையுமே என்று கூலரை நகர்த்தப் பார்த்தேன். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. பக்கத்துத் தட்டியைக் கழற்றினேன். காலி பாட்டில்கள். இரண்டில் சரக்கு இருந்தது.

தட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து உனக்குத் தோசை வார்த்தேன். ஸ்டேஷனில் நீ கைத்தடியோடு நின்று "பாத்துப் போக்கா" என்றபோதும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உன்னை அடித்திருப்பேன், மாமா மாதிரி.

இப்போது சொல். எது நிஜம்? படத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளியா, கூலரில் இருக்கிற பாட்டிலா? திருச்சி டாக்டரிடம் தலைகுனிந்தேனே, அது எதற்கு? அந்த அம்மாள் வீட்டுக் கூடத்தில் நின்று என் தம்பி குடிக்கிறவன் இல்லை என்று சொன்னேனே, அது பொய்யா?

அன்றைக்கு நீ குடித்திருந்தாயா, இல்லையா?

ஆராயி


கரோல் பாக்
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டும் நிஜம்.

அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்பே நிறுத்தியிருந்தேன். எழுதும்போதே எனக்குத் தெரியும், ஒரு சொட்டும் தொடவில்லை என்கிற வரி அந்த நாளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று. நீ அதை முழுக்க எடுத்துக்கொள்வாய் என்றும் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தில்லிக்கு வந்த மூன்றாம் வருடம் ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில், நண்பர்களோடு. அப்புறம் நண்பர்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், சனிக்கிழமைகள் இருந்தன. அதற்கெல்லாம் பெரிய காரணம் கிடையாது. 2022 கடைசியில் கால் தள்ளாட ஆரம்பித்தபோது குடியால்தான் என்று நானே நினைத்தேன். அப்பா மகன்தானே, இப்படித்தான் ஆகும் என்று. பயந்துபோய் நிறுத்தினேன். ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். நடை சரியாகவில்லை. இன்னும் மோசமானது. மேடையில் விழுந்தேன். குடிக்காத உடம்பை எல்லாரும் குடிகாரன் என்றார்கள்.

ரயிலில் திரும்பி வந்து அன்று சாயங்காலமே வாங்கினேன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. குடித்துவிட்டுத் தள்ளாடினால் ஏன் தள்ளாடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. குடிக்காமல் தள்ளாடினபோது இருந்த பயம் இருக்கிறதே, அது வேறு. நோயின் பெயர் தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். கால் இரண்டும் எரிகிறது அக்கா, தணலில் வைத்த மாதிரி. இரண்டு ரவுண்டு உள்ளே போனால் எரிச்சல் தள்ளிப்போகிறது. மறுநாள் இன்னும் அதிகமாக வருகிறது. அதுவும் தெரியும்.

டாக்டரிடம் நேராகவே கேட்டேன், குடித்ததால் இது வந்ததா என்று. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றார். எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போல இருந்தது. அடுத்த வரியில், "ஆனால் உங்கள் ஈரல் கெட்டிருக்கிறது. நோயைத் தடுக்கும் மாத்திரை ஈரலைப் பாதிக்கும். ரத்தப் பரிசோதனையில் ஈரலுக்கான எண் இறங்காமல் மாத்திரையை ஆரம்பிக்கமாட்டேன்" என்றார். வேறு ஊசிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதே கதைதான். எண் இறங்க வேண்டும் என்றால் நிறுத்த வேண்டும். அக்டோபரிலிருந்து மாத்திரை இல்லாமல் இருக்கிறேன். இதை உனக்கு எழுதவில்லை.

நீ அந்த வீட்டில் சொன்னது பொய் இல்லை. என்னால் பொய்யானது.

மணி


பெரம்பலூர்
3 பிப்ரவரி 2024

மணி,

படித்தேன். மாமாவிடம் காட்டவில்லை.

இங்கே வந்துவிடு என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு நீ தாங்கமாட்டாய். வேலையை விட்டால் ஆஸ்பத்திரிச் சலுகையும் போய்விடும். நான் அங்கே வந்துவிடுகிறேன் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மாமாவுக்குச் சர்க்கரை ஏறிக் கால் புண் ஆறாமல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே டீச்சர்.

அப்பாவிடம் அம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், சோறு போடமாட்டேன் என்றாள், கிணற்றடியில் போய் நின்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால் என்ன சொன்னால் பலிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பலிக்கிற வார்த்தை ஒன்றும் தெரியவில்லை.

நான் என்ன சொன்னால் நீ நிறுத்துவாய்? எழுது. அதையே சொல்கிறேன்.

அக்கா


கரோல் பாக்
11 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இது கையால் எழுதியது இல்லை. போனில் ஒற்றை விரலால் தட்டியதை ஜ்யோத்ஸ்னா அச்செடுத்துத் தபாலில் போடுகிறாள். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்றாள். சொல்லிப் பார்த்தேன். "கால் வரவில்லை" என்றால் "பால் வரவில்லை" என்று எழுதுகிறது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

நாலு மாதமாக உனக்கு எழுதவில்லை. நல்ல சேதியோடு எழுதவேண்டும் என்று காத்திருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாளே நிறுத்தினேன். பிப்ரவரி, மார்ச் முழுக்க. கை நடுங்கியது, வேர்த்துச் சட்டை நனைந்தது, பிறகு விட்டது. ஏப்ரல் ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மே முதல் வாரம் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். அதன்பிறகு உனக்கு எழுதலாம் என்று தேதியைக்கூட மனதில் குறித்துவைத்தேன்.

ஏப்ரல் 27 சனிக்கிழமை குடித்தேன். அன்று ஒன்றுமே நடக்கவில்லை அக்கா. யாரும் திட்டவில்லை, எரிச்சலும் சுமார்தான். மத்தியானம் ராஜ்மா சாதம் சாப்பிட்டேன். கீழே துணி தேய்க்கிறவரைக் கூப்பிட்டுக் காய்கறி வாங்க விடுகிற கயிற்றுக் கூடையை இறக்கினேன். பாட்டிலை வாங்கி, தேய்த்த சட்டைக்கு அடியில் வைத்து அனுப்பினார். அன்று ஆரம்பித்தது ஐந்து நாள் போனது. எண் மறுபடி ஏறிவிட்டது. மாத்திரை தள்ளிப்போனது.

மே கடைசியில் இங்கே வெயில் உனக்குப் பேப்பரில் தெரிந்திருக்கும். 28ஆம் தேதி காலையில் கட்டிலிலிருந்து இறங்கினேன், இடது பக்கம் முழுக்க இல்லை. ஜ்யோத்ஸ்னாவும் துணி தேய்க்கிறவரும் நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார்கள். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கை திரும்பி வந்தது. கால் வரவில்லை.

மாத்திரையை முன்பே ஆரம்பித்திருந்தால் இது வராமல் இருந்திருக்குமா என்று கேட்டேன். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கெஹ் நஹீ சக்தே, சொல்ல முடியாது. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்" என்றார். உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன்னால் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை.

என்ன சொன்னால் நிறுத்துவாய் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை அக்கா. தெரிந்திருந்தால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது வீட்டில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு நாளாகிறது, தொடவில்லை. ஆனால் கூடையை இறக்கினால் வந்துவிடும். கூடை பால்கனியில்தான் இருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அது வரைக்கும் என்னால் போக முடிகிறது.

மணி


பெரம்பலூர்
24 ஜூன் 2024

மணிக்கு,

மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமாவிடம் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன், ஜனவரிக் கடிதத்தையும் சேர்த்து. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட வைஷ்ணவி வந்து இருக்கிறாள். அவள் மாமியார்தான் அனுப்பிவைத்தார்களாம். எந்த மனதோடு அனுப்பினார்களோ, கேட்கவில்லை. "போ. ஆனா நீ போயி என்ன பண்ணிடுவ?" என்று மாமா கேட்டார். "அவன் விழுந்தா தூக்குவேன்" என்றேன். "மத்ததுக்கு?" என்றார். நான் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வைத்தேன்.

உன்னை நல்லபடியாக்கிவிடுவேன் என்று வரவில்லை. பாட்டிலைப் பார்த்தால் கத்துவேனா, காணாத மாதிரி தோசை வார்ப்பேனா, அதுவும் எனக்கே தெரியாது. கூடையை எடுத்து ஒளித்துவைக்கத் தோன்றுகிறது. ஒளித்தால் நீ படியில் இறங்கப் பார்ப்பாயோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது. திருச்சி டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன். குடிப்பழக்கத்துக்கும் அங்கேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், கூட்டிப்போங்கள், ஒரு தடவையில் ஆகாது என்றார். எத்தனை தடவையில் ஆகும் என்று கேட்டேன். அவரும் உன் டாக்டர் மாதிரியே பேசினார்.

ஜூலை 4 வியாழக்கிழமை சென்னையில் ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை வந்துவிடும். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பவேண்டாம், கரோல் பாக் வரை எனக்கு வழி தெரியும். வெள்ளிக்கிழமை படுக்கப்போகும்போது கதவைத் தாழ் போடாமல் சாத்திவை. மணியடித்தேன் என்று எழுந்து வராதே, விழுந்துவிடுவாய். நானே தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறேன்.

அக்கா